கதவைச் சாத்திப் பாடிய ஆகிரி

என் மனைவி அமுதவள்ளி வயலின் வாசிக்கிறாள். நான் பாடுகிறேன். இருபத்துமூன்று வருஷமாக மேடையில் நான் நடுவில், அவள் எனக்கு இடது பக்கம், அரை முழம் பின்னால். அந்த அரை முழத்தை யாரும் அளந்து வைக்கவில்லை, தானாக அமைந்தது. அப்படி அமைந்த ஒன்றை யாராவது மாற்றினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரன். ராமநாதபுரத்தில் இது தெரியாதவர்கள் இரண்டு பேர் இருக்கலாம். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கச்சேரிப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடுகிறவன் ஒரு ராகத்தைப் பத்து நிமிஷம் விரித்துப் பாடி நிறுத்தினால், வயலின்காரர் அதே ராகத்தை வாசித்துப் பதில் சொல்வார். பத்துக்கு ஆறு, அதுதான் மரியாதை. கை துடித்தாலும் அதற்கு மேல் போகக் கூடாது. பாடினதைத் தன்னால் எட்ட முடியாது என்று பட்டால், வில்லை மடியில் வைத்துவிட்டு, நீங்களே மேலே போங்கள் என்று கையை விரித்துக் காட்டலாம். வழக்கத்தில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் எந்த வயலின்காரரும் அதைச் செய்ய விரும்ப மாட்டார். கீழே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். அமுதா ஒருநாளும் வில்லை மடியில் வைத்ததில்லை. பத்துக்கு ஆறு வாசித்து நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இதற்குள் வந்து சேர்ந்தவன் காஜா நவாஸ். திருப்பாலைக்குடிக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். துபாயில் ஒரு ஓட்டலில் ஒன்பது வருஷம் ஒலிபெருக்கி வேலை பார்த்துவிட்டு, உம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டான். வீட்டு மாடியில் சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி ஒரு பதிவு அறை வைத்திருக்கிறான். நல்லவன். எரிச்சலே அதில்தான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் பாட்டு வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு மைக் போட வந்தான். நான் முக்கால் மணி நேரம் பாடினேன். முடிந்ததும் மேடைக்கு ஓடி வந்தவன் என்னைத் தாண்டிப் போய் அமுதாவிடம் நின்றான். கச்சேரியைப் பற்றிக் கேட்கவில்லை. கச்சேரி தொடங்குவதற்கு முந்தி, நான் இன்னும் மேடை ஏறாதபோது, தந்தியைச் சரி பார்க்கிற சாக்கில் அவள் என்னவோ ஒன்றை அரை நிமிஷம் இழுத்தாளாம். அது என்ன என்று கேட்டான்.

"ஆகிரி" என்றாள் அமுதா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகல் பன்னிரண்டு மணி, யாரும் இன்னும் சாப்பிடவில்லை.

என் குருநாதர் கற்றுக்கொடுத்த ராகங்களில் ஆகிரிக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. சிரிக்காதீர்கள். பெரிய பெரிய வித்வான்களே நம்பிய விஷயம் இது. அதனால் நான் அதை மேடையில் பாடியதே இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் முன்னறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கொக்கி போட்டு, அரை மணி நேரம் எனக்கு நானே பாடிக்கொள்வேன். ஒரு மனிதன் அழ வேண்டியதையெல்லாம் அழுது தீர்க்க அந்த ராகத்தில் இடம் இருக்கிறது. குருநாதர் சொல்லித் தராத பிடிகள் சில, ராகத்தின் சின்னச் சின்னத் திருப்பங்கள், அந்த அறைக்குள் எனக்கு வந்தன. காந்தாரச் சுரத்தைத் தொட்டு, அங்கேயே நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் ஒரு மூச்சு விட்டு, அப்புறம் ரிஷபத்துக்கு இறங்குவது. அது என் சொந்தம். உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்தது என்று இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அமுதா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

அடுத்த மாதமே நவாஸ் அவளைத் தன் மாடி அறைக்குக் கூட்டிப்போய் ஆகிரியைப் பதிவு செய்தான். அடியில் கீபோர்டில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் கடல் இரைச்சலைக் கொஞ்சம் சேர்த்து, யூடியூபில் போட்டுவிட்டான். எனக்குத் தெரிந்தபோது நாலு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். என் கோவில் கச்சேரி ஒன்றும் அதே யூடியூபில் இருக்கிறது. அதை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். அதில் நாற்பது தடவை கேட்டது நான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் முருகலட்சுமி என்னைத் தேடி வந்தார். பதினோரு வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

"சார், உங்க வீட்டம்மா வாசிச்சதைக் கேட்டுட்டு எங்கம்மா அழுதுட்டாக. நீங்களும் பாடுவீகளா சார்?"

பாடுவேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

நவாஸ் மேல் சந்தேகமா என்று ஒருவன் டீக்கடையில் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டான். அந்தச் சந்தேகம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு ஊரில் நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். பெண்டாட்டியின் வில்லைப் பார்த்து வயிறு எரிகிறவனுக்கு யார் சொல்வார்கள்? ஒவ்வொரு நாளும் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து செல்லைத் திறந்து, நாலு லட்சம் நாலரை ஆகிவிட்டதா என்று பார்த்தேன். ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அமுதா சனிக்கிழமைதோறும் திருப்பாலைக்குடிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஒரு நண்டு கம்பெனி இருக்கிறது. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை, எல்லாம் பெண்கள். நவாஸின் தங்கை சபியாவும் அங்கேதான். காலையில் பதினோரு மணிக்கு அவர்களுக்கு ஒரு மணி நேரம் சாப்பாட்டு ஓய்வு. அந்த நேரத்தில் இவள் போய் வாசிக்கிறாளாம், நவாஸ் கீபோர்டு வைத்துக்கொள்கிறானாம். தட்டிக்கேட்டேன். நீங்களும் வாங்க என்றாள். நண்டு நாற்றத்தில் என் தொண்டை கட்டிக்கொள்ளும் என்றேன்.

ஒரு சனிக்கிழமை, நயினார்கோவிலில் ஒரு கச்சேரி விஷயமாகப் பேசப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, அவள் கிளம்பிய பின் திருப்பாலைக்குடி வழியாகப் போகிற தொண்டி பஸ்ஸைப் பிடித்தேன். ஐம்பத்துநாலு வயதில், ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக, கம்பெனிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கருவேல மரத்தடியில் ஒளிந்து நின்றேன். முள் ஜிப்பாவைக் கிழித்தது. ஒரு வெள்ளாடு வந்து பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

நாற்பது பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நவாஸ் ஒரு மீன்பெட்டியின் மேல் கீபோர்டை வைத்திருந்தான். அந்தக் கருவியில் நம் ராகம் எங்கே வரும், செங்கலை அடுக்கினமாதிரி சுரம் சுரமாகத்தானே விழும் என்று நான் பேசாத இடம் கிடையாது. அவன் எதையும் அடுக்கவில்லை. ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சுருதியின் மேல் அமுதா ஆகிரியை எடுத்தாள். வெறும் வயிற்றோடு.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் போனது. பத்து போனது. பதினைந்தும் போனது. என்னோடு வாசிக்கும்போது இதையெல்லாம் இவள் எங்கே வைத்திருந்தாள்? இருபத்துமூன்று வருஷமாக அரை முழம் பின்னால் உட்கார்ந்து, பத்துக்கு ஆறு என்று அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் இவ்வளவு இருந்ததா? பெருமையாக இருந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

இருபதாவது நிமிஷத்தில் அவள் காந்தாரத்தைத் தொட்டாள். அங்கேயே நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் ரிஷபத்துக்கு இறங்கினாள். என் பிடி. என் முன்னறை, என் கொக்கி போட்ட ஜன்னல், என் ராத்திரிகள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டு, ஒரு சுரம் பிசகாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த இடத்தில்தான் சபியா முக்காட்டுக்குள் புறங்கையை வைத்துக் கண்ணைத் துடைத்தாள். விரலெல்லாம் நண்டு, விரலால் துடைக்க முடியாது. அவளுக்குப் பக்கத்தில் விரல்களில் பிளாஸ்திரி சுற்றிய ஒரு பெண், ராக்கு என்று பெயர், வாசிப்பு நின்றதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்.

"யக்கா, இன்னொருக்கா."

அமுதா சிரித்துக்கொண்டே வில்லை எடுத்தாள்.

நான் முப்பத்தொரு வருஷமாகப் பாடுகிறேன். பலே என்பார்கள், சால்வை போடுவார்கள், ரொம்ப நல்லா இருந்துச்சு சார் என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கப் போவார்கள். இன்னொருக்கா என்று ஒரு ஆள் என்னைக் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெண் அவளிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, தெரிந்த பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டும். அதுவும் என் பிடிக்கு, என் வாயால் பாடி.

இரண்டாம் தடவையும் வாசித்து முடித்தபின் அவர்கள் அமுதாவை நடுவில் உட்காரவைத்துத் தட்டு நிறையச் சோறும் நண்டுக் குழம்பும் போட்டார்கள். ஆகிரி வாசித்தவளுக்கு விருந்து. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு மதியம் சோறு கிடைக்காமல் போனது எனக்குத்தான்.

சாயங்காலம் வீட்டில் வெடித்தேன். ஒளிந்து நின்றதை மறைக்கக்கூட இல்லை. வெறும் வயிற்றில் ஆகிரியா என்றேன், சோறு போட்டார்களே என்றாள். கீபோர்டு வைத்து ஒரு ராகத்தை அவமானப்படுத்தலாமா என்றேன், அவன் சுருதிதான் கொடுக்கிறான், உங்கள் சுருதிப்பெட்டியும் கரண்டில்தான் ஓடுகிறது என்றாள். அந்தக் காந்தாரப் பிடி என்னுடையது என்று கத்தினேன். அதற்கு மட்டும் அவள் குரல் மாறியது.

"ஆமா, உங்களுதுதான். நான் இல்லேங்கலையே. அத்தனையையும் கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுனா அது யாருக்குங்க?"

"சாமிக்கு" என்றேன்.

"சாமிக்குக் கதவு எதுக்கு?"

நான் குரலை உயர்த்தினேன். சங்கீதம் என்ன நண்டு உரிக்கிறவர்கள் கை வலிக்குத் தடவுகிற தைலமா என்றேன். இதற்காகவா என் குருநாதர் பன்னிரண்டு வருஷம் என்னைக் காலையில் நாலு மணிக்கு எழுப்பினார் என்றேன். தைலம் என்றால் அத்தனை கேவலமா என்று அவள் கேட்டாள். முள் குத்தி நாள் முழுக்க ரத்தம் வருகிற கை, அரை மணி நேரம் வலி தெரியவில்லை என்று ராக்கு சொல்கிறாள், அதைவிடப் பெரிதாக ஒரு ராகம் என்ன செய்துவிடும் என்றாள். அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு அவளை அடக்க வேண்டும் என்று இருந்தது. கையால் அல்ல, அந்த மாதிரி ஆள் இல்லை நான். மேடையில், பாட்டால்.

நவராத்திரி வந்தது. எங்கள் தெரு அம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமைக் கச்சேரி எப்போதும் எங்களுடையது. பந்தல் தெருவிலேயே போடுவார்கள், யாரும் வந்து உட்காரலாம். பிரதான ராகம் கல்யாணி என்று அமுதாவிடம் சொல்லிவைத்தேன். பொய். ஆகிரியை எடுக்கப்போகிறேன். இருபது நிமிஷமா வாசிக்கிறாய், நான் நாற்பது நிமிஷம் பாடுகிறேன். அந்தப் பிடியின் சொந்தக்காரன் யார் என்று ஊர் பார்க்கட்டும். ஆகிரியின் நிபந்தனையை மறக்கவில்லை. மதியம் ஒரு தடவை சாப்பிட்டு, நாலு மணிக்கு இன்னொரு தடவையும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் மேடைக்குப் போனேன்.

ஆறு மணிக்கு முதல் பாட்டாக வர்ணம் பாடிக்கொண்டிருக்கும்போது பந்தலுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. நவாஸ் இறங்கினான். பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பெண்கள். ராக்கு தலை நிறையப் பூ வைத்திருந்தாள். சபியா பந்தல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அமுதா அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்காக ஒரு வேன் என்றைக்காவது வந்திருக்கிறதா? வரட்டும், நல்லதுதான், அவர்கள் முன்னாலேயே நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணிக்கு முறை வந்தபோது ஆகிரியைத் தொடங்கினேன். அமுதா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் பார்க்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் போயிருக்கும். பின்னாலிருந்து ராக்குவின் குரல் வந்தது. மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், அதற்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"யாத்தே, நம்ம அமுதாக்கா பாட்டையில்ல பாடுறாரு."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். பந்தலில் பாதிப்பேர் சிரித்தார்கள். என் காது சிவந்துபோனது. என் பிடியைத் திருடிக்கொண்டு போனவளின் பாட்டை நான் திருடிப் பாடுகிறேனாம். அப்புறம் நான் பாடியதை எப்படிச் சொல்வது? முன்னறையில் முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தக் கடைசி வரிசையைப் பார்த்து எடுத்து வீசினேன். அம்மனைப் பார்த்துப் பாடவில்லை. என் குருநாதரை நினைக்கவில்லை. இந்தா பார், இது என்னுடையது, இதுவும் என்னுடையது என்று பாடினேன். அப்படி வீசிக்கொண்டே போனதில், நான் அதுவரை பாடாத ஒரு இடத்துக்கு வந்துவிட்டேன். காந்தாரத்தில் வழக்கம்போல் நின்று மூச்சு விட்டேன், இறங்கவில்லை. மேலே போனேன். போகக் கூடாத வழி அது, பாடத்தில் இல்லாதது. ஆனால் வழி இருந்தது. சுற்றி வந்து ரிஷபத்தில் இறங்கினேன். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

நிறுத்திவிட்டு இடது பக்கம் திரும்பினேன். இப்போது வாசி.

அமுதா கண்ணை மூடியிருந்தாள். வில் கையில் இருந்தது. பந்தல் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். வில்லை மடியில் வைத்தாள். வலது கையை விரித்து என் பக்கம் நீட்டினாள். நீங்களே மேலே போங்கள்.

முதல் வரிசை கைதட்டியது. பின்னாலும் தட்டினார்கள். பாட்டு முடிந்ததும் கோவில் கமிட்டிச் செயலாளர் பால்சாமி மைக்கைப் பிடித்து, நம்ம மாரீஸ்வரன் சார் இன்னைக்கு வயலினுக்கே வேலை இல்லாமப் பண்ணிட்டாரு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அமுதாவும் சிரித்தாள்.

அரை நிமிஷம் நான் மிதந்தேன். அதற்கு மேல் இல்லை. இவளால் முடியாதா? கருவேல மரத்தடியில் நான் கேட்டது யார் வாசிப்பு? பத்துக்கு ஆறு என்று என்னை இத்தனை வருஷம் காப்பாற்றி வந்தவள், இன்றைக்கு எல்லோர் முன்னாலும் தோற்றுக்காட்டி எனக்கு ஜெயத்தைப் பிச்சை போட்டிருக்கிறாள். அப்படித்தான் பட்டது. அப்படிப் பட்டதும் சால்வை கழுத்தில் அரித்தது.

கூட்டம் சுண்டலுக்கு நகர்ந்தது. ராக்கு வந்து அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் யக்கா வாசிக்கலை, அதுக்குத்தானே இம்புட்டுத் தூரம் வந்தோம் என்று கேட்டாள். கேட்டுக்கிட்டே இருந்துட்டேன் ராக்கு என்றாள் அமுதா. அது என் காதிலும் விழுந்தது, நானும் பக்கத்தில்தான் நின்றேன். நல்ல பதில், மானத்தை மறைக்க நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்தோம். நாலு தெரு தள்ளித்தான் வீடு. வயலின் பெட்டி அவள் தோளில் இருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு கொலுப் பாட்டு கேட்டது. பாதி வழியில் அவள் பேசினாள்.

"காந்தாரத்துல நின்னு மேல போனீகளே, அது எங்கன இருந்து வந்துச்சு?"

நான் சால்வையைக் கழுத்திலிருந்து உருவினேன்.

"இருபத்துமூணு வருசமாச் சுவத்துக்கு அங்கிட்டு நின்னு கேட்டிருக்கேன். இதை நீங்க பாடினதே இல்ல. எனக்குக் கை ஓடலைங்க. வாசிச்சா அது கலைஞ்சு போயிரும்னு தோணுச்சு." கொஞ்சம் நின்றாள். "வீட்டுக்குப் போயி, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, அதை எனக்கு இன்னொருக்கா பாடுங்க."

அந்த வார்த்தை. முப்பத்தொரு வருஷமாக யாரும் என்னைக் கேட்காத வார்த்தை. நடுத்தெருவில், என் பெண்டாட்டி வாயிலிருந்து. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இதுவும் பிச்சைதான், அங்கே போட்டது போதாமல் தெருவிலும் போடுகிறாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

"உன் கீபோர்டுக்காரன்கிட்டப் போயிக் கேளு" என்றேன். "அவன் கட்டையை அமுக்கிக்கிட்டே இருப்பான். நீ போடுற பிச்சை எனக்கு வேண்டியதில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. பெட்டியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டில் தட்டு வைத்து, இட்லி வைத்து, சட்னி வைத்தாள். நான் சாப்பிடவில்லை. நாலு மணிக்குத் தின்ற தயிர்சாதத்தால் ஆகிரியை ஏமாற்ற முடியவில்லை.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. அமுதா இப்போதும் என் கச்சேரிகளுக்கு வாசிக்கிறாள். பத்துக்கு ஆறு, அரை முழம் பின்னால், முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். சனிக்கிழமை திருப்பாலைக்குடிக்குப் போகிறாள். நான் தட்டிக்கேட்பதில்லை. கழிப்பறைக்குள் செல்லைக் கொண்டுபோவதையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் நவாஸ் பைக்கை நிறுத்தினான். சலாம் சொல்வதுபோல் நெஞ்சில் கையை வைத்தான். நலம் விசாரித்தான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"சார், அக்கா ஆகிரி வாசிக்கிறதையே விட்டுட்டாக. நவராத்திரிக்கு அப்புறம் ஒருக்கா கூட இல்ல. ராக்கு, சபியா எல்லாரும் கெஞ்சிப் பார்த்துட்டாக. அது எங்க வீட்டுக்காரர் பாட்டு, இனிமே அவர் பாடித்தான் கேக்கணும், என் கையில அது பாதிதான் இருக்குங்கிறாக. நீங்க ஒரு சனிக்கிழமை வாரீகளா சார்?"

வருகிறேன் என்றேன். அவன் போன பிறகு வாசலிலேயே நின்றேன். மணி அடித்து, பிள்ளைகள் எல்லோரும் என்னைச் சுற்றி ஓடி, வாசல் காலியாகும் வரைக்கும் நின்றேன். அவள் பிச்சை போடவில்லை. அவளுக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. கேட்டாள்.

திருப்பாலைக்குடிக்கு நான் இன்னும் போகவில்லை. அங்கே போய் நாற்பது பேர் இன்னொருக்கா என்று கேட்டால் மட்டும் போதுமா எனக்கு? போதாது. எனக்குத் தெரியும்.

இந்த ஒரு வாரமாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு, சாப்பிடுவதற்கு முன்னாலேயே, முன்னறையில் உட்கார்ந்து ஆகிரி பாடுகிறேன். ஜன்னல் கொக்கியைக் கழற்றிவிட்டேன். கதவை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறேன். நான் ஆரம்பித்ததும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். காந்தாரத்தில் நின்று, மேலே போய், சுற்றி வந்து, ரிஷபத்தில் இறங்கி நிறுத்துவேன். நிறுத்திவிட்டு, அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பேன். கொஞ்ச நேரம் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் அவள் குழாயைத் திறப்பாள்.